பெட்டி நிறையப் பழைய போட்டோ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அம்மா வீட்டிலிருந்து மூன்று அட்டைப்பெட்டி போட்டோ வந்திருக்கிறது. எல்லாவற்றையும் முதலில் ஸ்கேன் செய்துவிடலாமா?

ஸ்கேன் காத்திருக்கும். அம்மாவுக்கு எண்பது ஆகப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பெயர்களை முதலில் வாங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டு போதும். போனில் குரல்பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் சொல்லி, அம்மாவைப் பேசவிடுங்கள். தேதிவாரியாக அடுக்க ஆசைப்பட வேண்டாம், பாதியில் அலுத்துவிடும். எந்த வீடு, எந்தக் கல்யாணத்துக்கு முன், பின் என்று பிரித்தாலே நிறைய. பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊராவது தெரிந்துவிடும்.

எழுதும்போது "பெரியப்பா", "சித்தி" என்று மட்டும் எழுதாதீர்கள். யாருக்குப் பெரியப்பா? உங்கள் பிள்ளைக்கு அவர் தாத்தா முறை. முழுப்பெயர், ஊர், யாருடைய மகன், இந்த மூன்றும் வேண்டும். பழைய காகிதப் படமென்றால் கவிழ்த்து வைத்து, பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் காட்டும். வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சுள்ள கலர் படத்தில் பென்சில் பிடிக்காது. துண்டுச்சீட்டில் எழுதிப் படத்துடன் ஒரே கவரில் போடுங்கள்.

ஒட்டும் பக்கம் வைத்த ஆல்பத்திலிருந்து படங்கள் வரவே மாட்டேன் என்கின்றன.

பசை பழுத்துப் போயிருக்கும். நகத்தால் நெம்பாதீர்கள். முதலில் பக்கத்தை அப்படியே போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள், கிழிந்தாலும் நகல் மிஞ்சும். அப்புறம் மெழுகு பூசாத டென்டல் ஃபிளாஸை (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) ஒரு மூலையில் நுழைத்து, இப்படியும் அப்படியும் இழுத்து மெல்ல நகர்த்துங்கள். அதற்கும் அசையாவிட்டால், படத்தைச் சுற்றி அட்டையோடு வெட்டி வைத்துக்கொள்வதே நல்லது.

அந்துருண்டை போடலாமா? வேப்பிலை?

இரண்டும் வேண்டாம். அந்துருண்டையின் ஆவி பிளாஸ்டிக் உறைகளுக்கு ஆகாது. வேப்பிலை ஈரத்தைக் கொண்டுவரும். ராமபாணப் பூச்சிக்குப் படத்தின் மேலுள்ள ஜெலட்டினும் ஆல்பத்தின் பசையும் சாப்பாடு, ஈரம்தான் அழைப்பு. ஆகவே பரணும் வேண்டாம் (சித்திரை வெயிலில் அது அடுப்பு), மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர் அலமாரியும் வேண்டாம். உள்ளறை பீரோவின் நடுத்தட்டு போதும். உறை வாங்கினால் பாலிப்ராப்பிலீன் என்று கேளுங்கள். காட்டமான பிளாஸ்டிக் வாடை அடித்தால் பெரும்பாலும் பிவிசி, அதைத் தொடாதீர்கள்.

சுவரில் மாட்டிய தாத்தா படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிரிக்கவே கூடாது. ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே படமெடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். உங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் பிரதிபலிப்பு குறையும். அந்த நகலைப் பெரிதாகப் போட்டு மாட்டிவிட்டு, மூலத்தைக் கண்ணாடியோடு எடுத்து வையுங்கள். பொட்டும் மாலையும் இனி நகலுக்கு.

எந்த அளவில் ஸ்கேன் செய்வது? நெகட்டிவ்களைத் தூக்கிப் போடலாமா?

4x6 அங்குல மேக்சி படத்துக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள். 2400x3600 புள்ளிகள் கிடைக்கும், இரண்டு மடங்கு பெரிதாகப் பிரின்ட் போடலாம். பாஸ்போர்ட் அளவுக்கு 1200 வையுங்கள். கறுப்பு வெள்ளையைவிடக் கலருக்கு முன்னுரிமை. எழுபதுகளின் கலர் படங்கள் பல செக்கச்செவேலென்று ஆகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: இருட்டில் பத்திரமாக வைத்தாலும் அவற்றின் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடும். கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளி, ஒழுங்காக வைத்தால் அதற்கு ஆயுள் அதிகம்.

நெகட்டிவ்களைப் போடாதீர்கள், பிரின்டைவிட அதில்தான் விவரம் அதிகம். ஆனால் முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்தச் சுருள்களை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனி டப்பாவில் போட்டு, அவற்றை முதலில் ஸ்கேனுக்குக் கொடுங்கள்.