விதிநூலின் புதிய பதிப்பு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஐந்து பேர் ஆறு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டத்தை விளையாடி வருகிறோம். ஆட்டத்தை நடத்துபவன் நான். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் மூன்று அடிப்படை நூல்களையும் பணம் சேர்த்து ஒவ்வொன்றாக வாங்கினேன். இப்போது 2024 பதிப்புக்கு மாறிவிடலாம் என்று இருவர் வற்புறுத்துகிறார்கள். மற்ற இருவருக்கு விருப்பமில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை விதிகளை மாற்றுவது புத்தகம் விற்பதற்கான வழி மட்டும்தானா? மாறாமல் இருந்தால் எங்கள் ஆட்டம் தேங்கிவிடுமா?

ர.

அன்புள்ள ர.,

விற்பனை ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. விதிநூல் எல்லோர் கையிலும் வந்துவிட்டால் அதையே மறுபடி விற்க இயலாது. ஆனால் அந்தக் காரணத்தோடு நின்றுவிட்டால் ஒவ்வொரு பதிப்பிலும் உண்மையில் என்ன மாறியது என்று பார்க்கத் தவறிவிடுவோம். எதை நூல் தீர்மானிக்கிறது, எதை மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள் என்ற எல்லைக்கோடுதான் பதிப்புக்குப் பதிப்பு நகர்கிறது என்பது என் எண்ணம்.

பெரிதாகத் தெரியும் சில மாற்றங்கள் உண்மையில் பெரியவை அல்ல. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் நான்காம் நிலைப் போர்வீரனின் ‘தாக்கோ’ எண், அதாவது கவச எண் சுழியமாக உள்ள எதிரியை அடிக்கப் பகடையில் விழ வேண்டிய எண், 17. சங்கிலிக் கவசம் அணிந்த எதிரியின் கவச எண் 5. பதினேழில் ஐந்தைக் கழித்து, இருபது முகப் பகடையில் பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் அடி படும். கவசம் வலுக்க வலுக்க அதன் எண் குறைந்து சுழியத்துக்கும் கீழே போகும் என்பதால் புதியவர்கள் தடுமாறினார்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் திருப்பிப் போட்டது. அதே கவசத்தின் எண் இப்போது 15. பகடையில் விழுவதோடு வீரனின் தாக்கு எண்ணைக் கூட்டி அதை எட்டினால் போதும். பழைய 17, இருபதிலிருந்து கழித்தால், இந்த முறையில் 3 ஆகிறது. பகடையில் விழ வேண்டியது அப்போதும் பன்னிரண்டுதான். கழித்தல் கூட்டலானது, ஆட்டம் மாறவில்லை.

எல்லைக்கோடு நகர்ந்த இடங்கள் வேறு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட மூன்று சிறு நூல்களில் சொல்லாமல் விட்டதே அதிகம். அந்த இடைவெளிகளை ஒவ்வொரு குழுவும் தனக்குத் தெரிந்தபடி நிரப்பிக்கொண்டது. 1977 முதல் 1979 வரை ‘அட்வான்ஸ்டு’ என்ற அடைமொழியோடு வந்த இதே ஆட்டத்தின் விரிவான நூல்களில், எங்கே ஆடினாலும் ஒரே ஆட்டமாக இருக்க வேண்டும் என்று கைகாக்ஸே வாதிட்டார். இந்தப் போக்கு உச்சத்தைத் தொட்டது 2008இன் நான்காம் பதிப்பில்தான். போர்வீரன், மந்திரவாதி என்ற வேறுபாடின்றி எல்லோருடைய திறன்களும் விரும்பியபோதெல்லாம் பயன்படுத்துபவை, ஒரு மோதலுக்கு ஒருமுறை மட்டும், நாளுக்கு ஒருமுறை மட்டும் என ஒரே வார்ப்பில் அச்சாயின. அதை ஏற்காத பெருங்கூட்டம் மூன்றாம் பதிப்பின் திருத்த வடிவமான 3.5 பதிப்பிலேயே நின்றது. 2000இல் வெளியான திறந்த உரிமம் பழைய விதிகளின் மேல் புதிய ஆட்டங்களை எழுத இடம் கொடுத்திருந்ததால், பைசோ என்ற வேறொரு நிறுவனம் அந்த 3.5 விதிகளின் மேல் 2009இல் பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. அதே உரிமத்தைக் கொண்டு அட்வான்ஸ்டு முதற்பதிப்பின் விதிகளை ஆஸ்ரிக் என்ற பெயரில் 2006லேயே மீட்டெடுத்திருந்தார்கள். கைவிடப்பட்ட பதிப்பு தேங்கிப்போகும் என்ற உங்கள் அச்சத்துக்கு இவற்றைவிட நல்ல மறுமொழி என்னிடம் இல்லை.

ஐந்தாம் பதிப்பு பல முடிவுகளை நடத்துபவரிடமே திருப்பிக் கொடுத்தது. 2024 நூல் அவற்றில் சிலவற்றை மீண்டும் அச்சுக்குக் கொண்டுபோகிறது. எங்கள் மேசையில் தடியேந்திய போர்வீரராக ஆடும் தோழி ஒருவர் இருக்கிறார். பழைய விதிப்படி எதிரியை வீழ்த்த விரும்பினால், அவர் ஒரு தாக்குதலை விட்டுக்கொடுத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும், அல்லது, “தடியைக் கால்களுக்கு இடையே விடுகிறேன், விழுவானா?” என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்க வேண்டும். புதிய நூலில் அந்தத் தடிக்கே இடறும் தன்மை உண்டு. அடி பட்டாலே எதிரி தன் உடலுறுதிக்குப் பகடை உருட்டியாக வேண்டும். தவறினால் தரையில் விழுவான். புதிய விதியோடு ஆடிய முதல் நாள் ஒரே சண்டையில் ஆறு முறை நிறுத்தி அந்தப் பகடையை உருட்டினேன். ஆட்டம் நிச்சயமாக மெதுவாயிற்று. ஆனால் நான்கு ஆண்டுகளாக என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தவர் அன்று கேட்காமல் செய்தார். அதை நான் எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு வாரம் கழித்து இன்னொருவர் பூதத்தின் காலடியில் கிடந்த கம்பளத்தை இழுக்க நினைத்து, தன் பாத்திரக் குறிப்பைப் புரட்டிப் பார்த்து, அப்படி ஒரு திறன் அதில் இல்லை என்று கையை விலக்கிக்கொண்டார். கம்பளத்தை யாரும் இழுக்கலாம் என்று நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். 2024 ஆகஸ்டில், டி அண்ட் டி பியாண்ட் என்ற இணையக் கருவியிலுள்ள பாத்திரக் குறிப்புகளில் பழைய மந்திரங்களுக்குப் பதிலாகப் புதியவையே வரும் என்று டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் நிறுவனம் அறிவித்தது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பின், சில நாட்களில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. உங்கள் அலமாரியில் உள்ள மூன்று நூல்களில் எவரும் ஒரு வரியைக்கூட அப்படி மாற்ற முடியாது. அவற்றை விற்றுவிடாதீர்கள்.

நடந்துகொண்டிருக்கும் கதையைப் பழைய விதிகளிலேயே முடியுங்கள்; பாதிக் கதையில் பாத்திரங்களை மாற்றி எழுதுவது வீண் வேலை. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே பாத்திரங்களோடு ஒரே சண்டையை இரண்டு பதிப்புகளிலும் ஆடிப் பாருங்கள். மாறச் சொல்லும் இருவரும் யாராக ஆடுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மந்திரவாதிக்கு அவருடைய மந்திரம் என்ன செய்யும் என்பது எப்போதுமே நூலில் அச்சாகியிருக்கிறது. வாளேந்தியவர்தான் உங்களிடம் கேட்டு நிற்கிறார். அந்த இருவரும் வாளேந்தியவர்களாக இருந்தால், அவர்கள் கேட்பது புதிய புத்தகத்தைத்தானா என்று முதலில் அவர்களிடமே விசாரியுங்கள்.