தம்பியின் ஏற்றுமதிப் பணத்தை என் கணக்கில் வாங்கிக் கொடுக்கலாமா?

சிங்கப்பூர் ஜூரோங்கில் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி கரூரில் படுக்கை விரிப்பும் சமையலறைத் துண்டும் தைத்து ஏற்றுமதி செய்கிறார். இங்கே தேக்காவில் ஒரு கடைக்காரர் ஆர்டர் கொடுத்து, முன்பணம் 1,800 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) போன வாரம் வாசகரின் பேநவ் என்ற உடனடிப் பணமாற்ற எண்ணுக்கே போட்டுவிட்டார். "இப்போதைக்கு உன் கணக்குலயே வாங்கி அனுப்புண்ணா, அப்புறம் அங்கேயே கம்பெனி பதிஞ்சு பேங்க் அக்கவுன்ட் திறந்துக்கலாம்" என்கிறாராம் தம்பி. இது சரியா, கம்பெனிக் கணக்குத் திறக்க என்னென்ன வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த 1,800 வெள்ளி. அதைச் செலவழிக்க வேண்டாம், கரூருக்கும் அனுப்ப வேண்டாம். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். வேறு எண் கொடுத்து "இதுக்குப் போட்டுடுங்க" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சரக்குப் பணம் தவறிப்போய் உங்களுக்கு வந்தது, திருப்பிவிட்டீர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி, "கிடைத்தது" என்ற அவருடைய பதிலோடு பத்திரப்படுத்துங்கள். பிறகு அவரே தம்பியின் நிறுவன நடப்புக் கணக்குக்கு வங்கி வழியாக நேரடிப் பணமாற்றம் (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) செய்யட்டும்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எஸ் பாஸ், அதில் உள்ள முதலாளியிடம் வேலை செய்வதற்கான அனுமதி. தம்பிக்காக ஆர்டர் பிடிப்பதும் பணம் வசூலிப்பதும் மனிதவள அமைச்சின் பார்வையில் இன்னொரு தொழிலாகத் தெரியலாம். வங்கிக்கும் உங்கள் கணக்கு ஒரு சம்பளக் கணக்குதான். சம்பளம் மட்டும் வந்துகொண்டிருந்த கணக்கில் திடீரென்று கடைப் பணம் வந்து மறுநாளே வெளியே போனால், மற்றவர் பணத்தைக் கடத்திவிடும் கணக்குகளின் சாயல் அதற்கு வந்துவிடும். கணக்கு முடங்கினால் உங்கள் சம்பளமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பும் பணத்தை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது இல்லையா? அப்புறம் ஒன்று. யார் கேட்டாலும், தம்பியே கேட்டாலும், சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். குற்றத்துக்குத் துணைபோகும்படி அதைப் பிறருக்குக் கொடுத்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். 2024 பிப்ரவரி முதல் இதுதான் சட்டம்.

கரூர்ப் பக்கத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. பலர் இதை யோசிப்பதே இல்லை. சரக்கை ஏற்றுமதி செய்யச் சுங்கத்தில் போடும் ஷிப்பிங் பில் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புப் பதிவில் ஏறிவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைத் தம்பியின் வங்கி அந்தப் பில்லோடு பொருத்தினால்தான் அந்தப் பதிவு மூடப்படும். நீங்கள் குடும்பச் செலவு என்று யுபிஐ வழியாக அனுப்பும் பணம் அந்தப் பில்லோடு பொருந்தாது. பேநவ்–யுபிஐ இணைப்பு ஆளுக்கு ஆள் பணம் அனுப்புவதற்காக 2023 பிப்ரவரியில் வந்தது, ஒரு நாளைக்கு 1,000 வெள்ளிதான் வரம்பு. அது சரக்குக் கணக்கு தீர்க்கும் வழி அல்ல. சரக்குக்கான பணம் முறையாக வந்து சேரவில்லை என்றால், தம்பி வாங்கிய ஜிஎஸ்டி ரீஃபண்டையே திருப்பிக் கட்டச் சொல்லவும் அங்கே விதி இருக்கிறது. பணம் கைக்கு வந்துவிடும், ஆனால் காகிதத்தில் வராத பணமாகவே நிற்கும்.

இனி கம்பெனி. ஒரே ஒரு கடைக்காரருக்காகச் சிங்கப்பூரில் கம்பெனி தேவையில்லை என்பதே என் கருத்து. இறக்குமதி செய்பவர் கடைக்காரர். துணிக்கு இங்கே சுங்கத் தீர்வை கிடையாது. 9 விழுக்காடு ஜிஎஸ்டியை அவர் கட்டிக்கொள்வார். வெளிநாட்டு நாணயமாகவே கொஞ்சகாலம் வைத்திருக்க வேண்டுமென்றால், ஏற்றுமதியாளர்களுக்கான இஇஎஃப்சி கணக்கைக் கரூரிலேயே தம்பியின் வங்கியில் திறக்கலாம். சரக்கை இங்கே கிடங்கில் வைத்து நாலைந்து கடைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அளவுக்கு வியாபாரம் வளர்ந்தால், அல்லது உள்ளூர் பில் இல்லாமல் வாங்கமாட்டோம் என்று ஹோட்டல்காரர்கள் சொன்னால், அப்போது கம்பெனிக்கு அர்த்தம் உண்டு.

பதிவது சுலபம். நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவுக்குக் கட்டணம் 315 வெள்ளி, மூலதனம் 1 வெள்ளி இருந்தாலும் போதும். வெளிநாட்டில் இருப்பவர் பதிவு பெற்ற முகவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். சிங்கப்பூரில் குடியிருக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும், ஆறு மாதத்துக்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும், இங்கே ஒரு முகவரியும் வேண்டும். உள்ளூர் இயக்குநர் இடத்தில் உங்கள் பெயரைப் போட நினைக்க வேண்டாம், உங்கள் பாஸ் அதற்கானது அல்ல. காசு வாங்கிக்கொண்டு இயக்குநராக இருப்பவர்களைப் பதிவு பெற்ற சேவை நிறுவனங்கள் வழியாக மட்டுமே ஏற்பாடு செய்யலாம் என்பது 2025 ஜூன் முதல் சட்டம். தம்பி மூலதனம் அனுப்புவதற்கு முன் கரூரில் தன் வங்கியிடம் வெளிநாட்டு முதலீட்டுக்கான ஃபார்ம் எஃப்சி கொடுத்தாக வேண்டும். தனிநபராக அனுப்பினால் நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் என்ற வரம்புக்குள் அது வரும்.

கம்பெனி பதிந்துவிட்டால் கணக்கும் தானாகத் திறந்துவிடும் என்று நினைத்து வருபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 2023 ஆகஸ்ட்டில் இங்கே பத்து வெளிநாட்டவர்கள் கைதான, கள்ளப் பணத்தை நல்ல பணமாக்கிய வழக்கில் சிக்கிய சொத்து 300 கோடி வெள்ளி. அதன் தொடர்ச்சியாக, இங்கே மத்திய வங்கியாக இருக்கும் நாணய ஆணையம் 2025 ஜூலையில் ஒன்பது நிதி நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடியே 74½ லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. இதற்குப் பிறகு எந்த வங்கி அதிகாரியும் முகம் பார்த்துக் கையெழுத்துப் போடமாட்டார்.

ஒரு முறை என் வாடிக்கையாளர் ஒருவரோடு ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். கோப்பில் அக்ரா சான்று, இயக்குநர் தீர்மானம், கடவுச்சீட்டு எல்லாமே இருந்தன. தொழில் என்ற கட்டத்தில் "ஜெனரல் டிரேடிங்" என்று எழுதியிருந்தார். அங்கிருந்த வங்கி அதிகாரி அம்மா மூன்றே கேள்விகள்தான் கேட்டார். முதல் சரக்கு யாருக்குப் போகும்? மாதம் எவ்வளவு பணம் வரும், எந்த நாட்டிலிருந்து? இதை இந்தியாவிலிருந்தே செய்தால் என்ன? "எல்லாம் செய்வோம் மேடம்" என்றார் இவர். பேனாவை மூடிவிட்டார் அந்த அம்மா. மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் மறுப்பு வந்தது, காரணம் எழுதவில்லை. அடுத்த வங்கிக்குப் போவதற்கு முன் இரண்டு பர்ச்சேஸ் ஆர்டர், பழைய பில்கள், ஆறு மாத இந்திய வங்கி அறிக்கை, பொருளின் படம், யாரிடம் வாங்கி யாருக்கு விற்கிறோம் என்று ஒரு பக்கக் குறிப்பு என எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினோம். கணக்குத் திறந்தது. அந்தக் காலத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் (வட்டிக்கடைகள் இருந்த கட்டடங்கள்) செட்டியார்கள் ஆளைத் தெரிந்துகொண்டு கடன் கொடுத்தார்கள். வங்கியும் அதைத்தான் கேட்கிறது, காகிதத்தில் கேட்கிறது.

நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, இனிஷியல். ஆதாரில் "முருகன் எஸ்", பான் அட்டையில் "எஸ் முருகன்", கடவுச்சீட்டில் அப்பா பெயரும் சேர்ந்து "முருகன் சுப்பிரமணியன்". ஊரில் எல்லோருக்கும் ஒரே ஆள். வங்கியின் கணினிக்கு மூன்று பேர். வரி அடையாள எண் கேட்கும் கட்டத்தில் இந்தியாவில் இருப்பவர் பான் எண்ணைத்தான் எழுத வேண்டும், அந்தப் பெயர் கடவுச்சீட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் கேள்வி வரும். முகவரியும் அப்படித்தான். கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய கிராமத்து வீடு இருக்கும், தம்பி குடியிருப்பதோ கரூர் டவுனில். ஆகவே கம்பெனி பதியும் முன்பே பான், ஆதார் இரண்டையும் கடவுச்சீட்டில் உள்ளபடி திருத்தச் சொல்லுங்கள். அதற்கே சில வாரங்கள் ஆகலாம்.

இன்னொன்றும் தம்பியிடம் சொல்லி வையுங்கள். சிங்கப்பூர்க் கணக்கு திறந்த ஆண்டிலிருந்து, இந்திய வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கான பகுதியில் அதை எழுத வேண்டும். இரு நாடுகளும் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. வியாபாரம் நடக்காத ஆண்டிலும் செயலாளர், முகவரி, உள்ளூர் இயக்குநர் செலவு நிற்காது, அக்ராவின் ஆண்டு அறிக்கைக்கு 60 வெள்ளியும் உண்டு. தேக்காக் கடைக்காரர் இரண்டாவது ஆர்டர் கொடுக்கிறாரா என்று பாருங்கள். கொடுத்தால் அந்த ஆர்டர் தாள் தம்பியின் நிறுவனப் பெயரில், கரூர் முகவரியோடு, கையெழுத்தும் முத்திரையுமாக வரட்டும். பின்னாளில் வங்கிக்குக் கொண்டுபோகும் கோப்பில் முதல் தாள் அதுதான்.