மூச்சு நீர் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: என் தாயார் புகைபிடித்தவர் அல்லர், ஆனால் பல ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தவர். அவருக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி, இருப்பதாக மருத்துவர் கூறியுள்ளார். வெளிவிடும் மூச்சைச் சோதித்தே நுரையீரலின் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை’ அறியலாம் என்று படித்தேன். அவருக்கு அதைச் செய்து பார்க்கலாமா?

பதில்: தாங்கள் படித்தது உண்மையான ஆய்வுத்துறைதான். விறகுப் புகையோ சிகரெட் புகையோ தொடர்ந்து உள்ளே போகும்போது, மூச்சுக்குழாய்களில் வெள்ளணுக்கள் திரண்டு, கடும் வினைத்திறன் கொண்ட ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. உடலின் தற்காப்பால் அவற்றை அடக்க முடியாமல் போகும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். அதன் தடயங்கள் மூச்சோடு வெளியே வருகின்றன. குளிரூட்டிய குழாய் ஒன்றுக்குள் நோயாளி சுமார் 10 நிமிடங்கள் இயல்பாக மூச்சு விட்டால், 1 முதல் 2 மில்லிலிட்டர் வரை நீர் சேரும். அந்த நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடையும், உயிரணுச் சவ்வின் கொழுப்பு சிதையும்போது உண்டாகும் 8-ஐசோபுரோஸ்டேன் என்னும் பொருளையும் அளக்கிறார்கள்.

1996இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், இந்நோயாளிகளின் மூச்சில் ஹைட்ரஜன் பெராக்சைடு மற்றவர்களைவிட மிகுந்திருந்தது. நோய் திடீரென முற்றிய வேளையில் அது மேலும் உயர்ந்திருந்தது. 2000இல் வெளியான இன்னோர் ஆய்வு என்னைக் கூடுதலாகச் சிந்திக்க வைத்தது. புகைப்பதை நிறுத்திவிட்ட நோயாளிகளிடமும், நிறுத்தாத நோயாளிகளிடமும் 8-ஐசோபுரோஸ்டேன் ஏறத்தாழ ஒரே அளவில் உயர்ந்திருந்தது. புகை நின்ற பிறகும் உள்ளே அழற்சி தொடர்கிறது என்பதற்கு இது ஒரு சான்று. அடுப்பை மாற்றிய பின்னும் தங்கள் தாயாருக்கு இருமலும் இளைப்பும் நீடித்தால், அதற்கு அவரைக் குறைகூற இடமில்லை.

ஆயினும் இந்தச் சோதனையைத் தங்கள் தாயாருக்குச் செய்யுமாறு நான் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன வேறுபாடுகள் குழுக்களின் சராசரியில் தெரிபவை. சேகரித்த நீரில் மிகப் பெரும்பகுதி வெறும் நீராவி; நுரையீரலிலிருந்து வரும் நுண்துளிகள் அதில் பல்லாயிரம் மடங்கு நீர்த்துப் போகின்றன, அந்த நீர்த்தலும் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு விரைவில் சிதையக்கூடியது. எச்சில் கலந்தாலும், மாதிரியை உடனே உறைய வைக்காவிட்டாலும் எண் மாறிவிடும். எந்த அளவு இயல்பானது என்பதற்கு எல்லோரும் ஏற்ற வரையறை இல்லாத நிலையில், அந்த எண்ணைக் கொண்டு மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்தபின் செய்யும் ஸ்பைரோமெட்ரியே, அதாவது வேகமாக ஊதும் மூச்சின் அளவையும் வேகத்தையும் அளப்பதே, இந்நோயை உறுதிசெய்யும் சோதனை. அதைச் செய்தார்களா என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மாத்திரைகளை நாமே வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அசிட்டைல்சிஸ்டைன் மருந்தை நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வீதம் ஓராண்டு கொடுத்த போலந்து ஆய்வில், மூச்சிலிருந்த ஹைட்ரஜன் பெராக்சைடு குறைந்தது. ஆனால் அதே அளவை 523 நோயாளிகளிடம் மூன்றாண்டுகள் சோதித்து 2005இல் வெளியிட்ட ஐரோப்பிய ஆய்வில், நுரையீரலின் திறன் ஆண்டுதோறும் சரியும் வேகம் குறையவில்லை. மூச்சிலுள்ள குறியீடு இறங்குவதும் நோய் தணிவதும் ஒன்றல்ல. இம்மருந்தைக் கூடுதல் அளவில் கொடுத்தால், அது நோய் முற்றும் தடவைகளைக் குறைக்குமா என்பதில் ஆய்வுகள் மாறுபடுகின்றன. அது மருத்துவர் முடிவுசெய்ய வேண்டியது. வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் அவர் இதே வகையைச் சேர்ந்த பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடவே கூடாது: புகைபிடிக்கும் ஆண்களிடம் பின்லாந்தில் நடந்து 1994இல் வெளியான பெரிய ஆய்வில், அதை உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது.

கேள்வி: ஆஸ்துமா உள்ள என் மகனுக்கு, கருவியில் ஊதச் சொல்லி நைட்ரிக் ஆக்சைடு அளந்தார்களே, அதுவும் பயனற்றதா?

பதில்: அல்ல. அது அந்த இடத்திலேயே அளவிடப்படும் வாயு. ஒவ்வாமை சார்ந்த ஒருவகை அழற்சியைக் காட்டும். பெரியவர்களிடம் நூறு கோடிக்கு 50 பங்குக்கு மேல் இருந்தால், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு பலனளிக்க வாய்ப்பு அதிகம் என்று 2011இன் அமெரிக்க வழிகாட்டல் கூறுகிறது. குழந்தைகளுக்கு அந்த எல்லை 35. புகைபிடிப்பவர்களிடம் இந்த அளவு குறைந்து காட்டும் என்பதால், சிஓபிடி நோயாளிகளிடம் அதைத் தனியாக வைத்து முடிவு சொல்வதில்லை.