கோதுமை விளையாத நாட்டுக்கு மா ஆலை எதற்கு?

கோதுமைக் களஞ்சியத்திலும் ஆலையிலுமாக நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால், இலங்கையின் மா விவகாரம் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். முடிந்தவரை பதில் தருகிறேன்.

ஐயா, கோதுமை எப்படியும் வெளியிலிருந்துதான் வருகிறது. மாவாகவே வாங்கினால் என்ன?

1980 வரை பெரும்பாலும் அப்படித்தான் வாங்கினோம். சங்கக்கடையில் கூப்பனுக்குக் கிடைத்த 'அமெரிக்கன் மா' வயதானவர்களுக்கு நினைவிருக்கும். சிக்கல் என்னவென்றால், மா அதிக காலம் கிடக்காது. நமது வெக்கைக்குச் சில மாதங்களில் வண்டு விழும். நன்றாகக் காய்ந்த கோதுமை சைலோவில், அதாவது தானியம் கொட்டி வைக்கும் உயரமான களஞ்சியத்தில், ஒரு வருடத்துக்கு மேலும் கிடக்கும். கப்பல் வராத காலத்தில் நாடு எத்தனை நாள் தாங்கும் என்பது அந்தச் சைலோவில்தான் இருக்கிறது. வெளிநாட்டு மா மலிவாக வந்து ஆலையின் ஓட்டம் குறைந்தால் முதலில் வெறுமையாவதும் அதுதான்.

அப்புறம் தவிடு. 100 கிலோ கோதுமையில் ஏறத்தாழ 75 கிலோ வெள்ளை மா வரும், மிச்சம் மாட்டுக்கும் கோழிக்கும் தீவனம். மாவாக வாங்கினால் அந்தத் தவிடு விற்ற நாட்டிலேயே நின்றுவிடும்.

திருகோணமலை ஆலை அரசாங்கத்துடையதா?

இல்லை. சிங்கப்பூரின் பிரிமா நிறுவனத்தோடு 1977இல் ஒப்பந்தம், 1980இல் திருகோணமலையின் சீனக்குடாவில் ஆலை ஓடத் தொடங்கியது. கோதுமையை அரசாங்கம் கொடுக்கும், மாவை எடுத்துக்கொள்ளும். அரைகூலியாகத் தவிடு ஆலைக்கு. ஊர் மில்லில் கூலிக்குப் பதில் தவிட்டை விட்டுவிட்டு வருவோமே, அதே கணக்குத்தான், அளவுதான் பெரிது! 2001இல் அந்த ஏற்பாடு முடிந்து வியாபாரம் தனியார் கைக்குப் போனது. 2008இல் கொழும்பில் செரண்டிப் என்ற இன்னொரு மா ஆலை வந்தது. இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்களின் பாணுக்கு இந்த இரண்டு பெரிய ஆலைகள்தான். எனக்கு இது பயமாகவே இருக்கிறது.

இரண்டு ஆலை இருந்தும் 2022இல் பாண் விலை ஏன் அப்படி ஏறியது?

ஆலை இருந்தென்ன, கோதுமை வாங்க டொலர் வேண்டுமே. அந்த மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. பெப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி உலக விலையைத் தூக்கியிருந்தது. மே 13இல் இந்தியா கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. இங்கே எரிவாயு இல்லாமல் பேக்கரிகள் மூடின. வழமையாகப் பாண் விலை ஏறினால் சனம் சோற்றுக்குத் திரும்பும். ஆனால் 2021இன் இரசாயன உரத் தடையால் நெல்லும் விழுந்துபோயிருந்தது. இரண்டு காலும் ஒரே நேரத்தில் தடக்கினால் விழத்தானே வேண்டும்?

அரிசி மாவில் பாண் போட முடியாதா அண்ணை?

கொஞ்சம் கலக்கலாம். முழுக்க அரிசி மா என்றால் பொங்காது, காற்றைப் பிடித்து வைக்கும் பசைப்புரதம் அதில் இல்லை. அரிசி மாவுக்குப் புட்டும் இடியப்பமும் இருக்க, அதை ஏன் பாண் ஆக்கப் பாடுபட வேண்டும்?

எங்கள் ஊரில் மா அரைக்கிற மில் மூடிவிட்டது. இதையும் உணவுப் பாதுகாப்பு என்று பார்க்கலாமா?

கட்டாயம். என் கணக்கில் பெரிய ஆலைகளுக்குச் சமமான விஷயம் இது. பக்கெட் மாவும் பக்கெட் தூளும் வந்தபிறகு மில்லுக்குப் போக யாருக்கும் நேரமில்லை. ஆனால் 2006 ஓகஸ்டில் போரால் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ-9 பாதை மூடி, யாழ்ப்பாணம் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களை யோசித்துப் பாருங்கள். அரிசி, குரக்கன், உளுந்து, ஒடியல் என்று கையில் உள்ளதை மாவாக்க ஊரில் ஒரு மில் போதும். மிளகாய் அரைத்த கையோடு அரிசி அரைத்தால் புட்டு உறைக்கும் என்பது ஒன்றுதான் குறை.

வீட்டில் எவ்வளவு மா வாங்கி வைக்கலாம்?

வெள்ளை மா இரண்டு மாதத்துக்குப் போதும். ஆட்டா மா அதைவிடக் குறைவாக. அது முழுக் கோதுமையை அரைத்தது, அதில் சேரும் முளையிலுள்ள எண்ணெயால் சீக்கிரம் சிக்கு மணம் வரும். கூடுதலாக வைப்பதென்றால் அரிசியாக, குரக்கனாக வையுங்கள். பக்கத்தில் மில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு.