குடும்பத்தோடு ஊர் சுற்ற மோட்டார்ஹோம் வாங்கலாமா, டிராவல் டிரெய்லர் வாங்கலாமா?

கேட்டவர் டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறார். மனைவி, 5 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், வாசலில் ஒரு மினிவேன். கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குவார்களாம். வருடத்துக்கு மூன்று நான்கு பயணம் போக ஆசை. (மோட்டார்ஹோம் என்பது தானே ஓடும் வீடு. டிராவல் டிரெய்லர் என்பது நம் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீடு.)

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார்ஹோம் வேண்டுமென்றால் வாடகைக்கு எடுங்கள். சொந்தமாக வாங்குவதென்றால் டிரெய்லர். ஆனால் டிரெய்லர் கடைக்குப் போகும் முன் உங்கள் வண்டியின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துவிட்டுப் போங்கள். அது ஏன் என்று பின்னால் வருகிறேன்.

நாங்கள் ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் இருக்கிறோம். மோட்டார்ஹோமை இரண்டு தடவை வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு, அப்புறம்தான் டிரெய்லர் வாங்கினோம். இரண்டிலும் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

2022 மார்ச்சில் ஸ்பிரிங் பிரேக்குக்கு பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போனோம். 25 அடி நீள ‘கிளாஸ் சி’ வண்டி. டிரைவர் தலைக்கு மேல் ஒரு படுக்கை துருத்திக்கொண்டு நிற்குமே, அந்த ரகம். (பஸ் மாதிரி இருப்பது கிளாஸ் ஏ, வேனுக்குள்ளேயே வீட்டை அடக்கியது கிளாஸ் பி. ஆறு பேருக்கு பி பற்றாது, ஏ-யின் விலையைக் கேட்டால் தூக்கம் வராது.) அப்பா அம்மாவும் கூட வந்தார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் பாத்ரூம் போயாக வேண்டும். மேற்கு டெக்சாஸில் ஐ-10 சாலையில் போனவர்களுக்குத் தெரியும், ஒரு பெட்ரோல் பங்க்கை விட்டால் அடுத்தது கண்ணுக்கு எட்டாத தூரம். மோட்டார்ஹோமில் அந்தப் பதற்றமே இல்லை. ஓய்விடத்தில் ஓரங்கட்டினால் போதும், கீழே இறங்காமலே நாலு எட்டில் பாத்ரூம். அப்பா திரும்பி வருவதற்குள் அம்மா கேஸ் அடுப்பில் பாலை வைத்துவிடுவார். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு நாளுக்கு ஒரு ஊராகப் போவதென்றால் இதை அடித்துக்கொள்ள வேறு வண்டி கிடையாது.

சத்தத்துக்கு மட்டும் தயாராக இருங்கள். சாலையில் சின்னப் பள்ளம் வந்தாலும் பாத்திரக் கடைக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். இன்னொன்று, பிள்ளைகளின் கார் சீட். பின்னால் சாப்பாட்டு மேஜையை ஒட்டிய இருக்கையில் பெரும்பாலும் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும். கார் சீட்டை மேலே இழுத்துக் கட்டும் கொக்கி இருக்காது. பக்கவாட்டில் பார்க்கும் சோபாவில் கார் சீட்டை வைக்கவே கூடாது. உங்கள் சின்னதுக்கு 5 வயது என்பதால் வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஆறு பேர் படுக்கலாம்’ என்பதும் ஆறு பேருக்கு ஒழுங்கான பெல்ட் இருக்கிறது என்பதும் வேறு வேறு.

சிக்கல் போய்ச் சேர்ந்த பிறகு ஆரம்பித்தது. ரியோ கிராண்டே வில்லேஜில் தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய் மூன்றும் உள்ள இடம் கிடைத்திருந்தது. சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து மட்டம் பார்த்து, மூன்றையும் மாட்டி, ‘அப்பாடா’ என்று உட்கார்ந்தாகிவிட்டது. மறுநாள் சான்டா எலெனா பள்ளத்தாக்கு பார்க்கப் போக வேண்டும், அது பூங்காவின் மறுகோடி. படுக்கைகளை மடக்கி, சிங்க்கில் கிடந்த பாத்திரங்களைக் கழுவி அடுக்கி, குழாய்களைக் கழற்றி, கட்டைகளை எடுத்து... முக்கால் மணி நேரம். அப்பா வெளியே நாற்காலி போட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்னல, ஊர் பாக்கப் போறதுக்கு வீட்டையே கெளப்பிட்டுப் போற?” என்றார். நெல்லைக்காரர், சுருக்கமாகத்தான் பேசுவார்.

அதைவிட வயிற்றெரிச்சல் சீசோஸ் பேசின். மலைக்கு நடுவே 5,400 அடி உயரத்தில் இருக்கும் கிண்ணம் அது. ஆற்றங்கரையில் வெயில் கொளுத்தும்போது அங்கே குளுகுளு என்று இருக்கும். ஆனால் சாலை குறுகலான கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. 24 அடிக்கு மேல் நீளமான மோட்டார்ஹோமும் 20 அடிக்கு மேல் நீளமான டிரெய்லரும் வேண்டாம் என்பது பூங்காவின் அறிவுரை. எங்கள் வண்டி 25 அடி. ஆஸ்டினிலிருந்து அத்தனை தூரம் வந்துவிட்டு, ஒரே ஒரு அடிக்காக அந்த மலையைக் கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். பக்கத்து இடத்தில் இருந்தவர் தன் டிரெய்லரை முகாமிலேயே விட்டுவிட்டு டிரக்கில் ஹாயாக மேலே போய்வந்தார். பெரிய மோட்டார்ஹோம்காரர்கள் இதற்காகவே பின்னால் ஒரு சின்னக் காரைக் கட்டி இழுத்து வருவார்கள். அதாவது, டிரெய்லர் இழுப்பதற்குப் பயந்து மோட்டார்ஹோம் வாங்கிவிட்டு, கடைசியில் காரை இழுப்பது!

மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் இது வெறும் அறிவுரையோடு நிற்பதில்லை. கோயிங்-டு-த-சன் சாலையின் மலைப் பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதியே கிடையாது. தேசியப் பூங்காக்கள்தான் உங்கள் கனவு என்றால், எந்த வண்டி எடுத்தாலும் நீளத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஆக, நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஒரே இடத்தில் எத்தனை இரவு தங்குவீர்கள்? தினமும் நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு மோட்டார்ஹோம். மூன்று இரவுக்கு மேல் ஓரிடத்தில் இருப்பவர்களுக்கு டிரெய்லர். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கைவசம் இருக்கும் லீவில் நாம் போவது பெரும்பாலும் இரண்டாவது ரகம்தான். வெள்ளி மாலை கார்னர் (Garner) ஸ்டேட் பார்க், ஞாயிறு வரை ஆற்றில் குளியல், திங்கள் வேலை.

இப்போது அந்த ஸ்டிக்கர். முதலில் நாங்கள் ஒரு கடையில் டிரெய்லர் பார்த்தபோது விற்பனையாளர் கேட்டார், “உங்கள் எஸ்யூவி எவ்வளவு இழுக்கும்?” 5,000 பவுண்டு என்றேன். “இந்த டிரெய்லர் 3,900தான், பஞ்சு மாதிரி இழுக்கும்” என்றார். அந்த 3,900 காலி வண்டியின் எடை. ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 30 காலன் தொட்டி நிரம்பினால் அதுவே 250. கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், அரிசி, நாற்காலி, சைக்கிள் எல்லாம் ஏறினால் சாதாரணமாக 5,000 பக்கம் வந்துவிடும்.

அதுகூடப் பரவாயில்லை. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் பின்புறம் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் டிரெய்லர் ஆட்டம் போடும். 5,000 பவுண்டுக்கு 12 சதவீதம் என்றால் 600 பவுண்டு. எங்கள் எஸ்யூவியின் கதவு ஸ்டிக்கர் ‘ஆட்களும் சாமானும் சேர்த்து 1,350 பவுண்டைத் தாண்டக் கூடாது’ என்றது. ராத்திரி சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டேன். நான்கு பெரியவர்கள் 620, பிள்ளைகள் 130, ஹிட்ச் சாமான்கள் 80, பைகள் 100. ஆயிற்று 930. அதோடு 600 சேர்த்தால் 1,530. டிரெய்லரை மாட்டிய நிமிடமே வண்டி 180 பவுண்டு அதிகச் சுமையில் நிற்கும். “5,000 இழுக்கும்” என்பது பொய் இல்லை. குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனால் இழுக்கும்.

கடைசியில் எஸ்யூவியை விற்றுவிட்டு, ஸ்டிக்கரில் 1,680 போட்டிருந்த பழைய பிக்கப் டிரக் ஒன்றை எடுத்தோம். முன் இருக்கை பெஞ்ச் என்பதால் ஆறு பேரும் உட்காரலாம். டிரெய்லர் 22 அடி, பிள்ளைகளுக்கு மாடிக் கட்டில் வைத்தது, பழையது, 17,500 டாலர். முழுச் சாமானோடு டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) எடை மேடையில் ஒரு தரம் ஏற்றி எடை பார்த்துவிடுங்கள். 15 டாலரை ஒட்டித்தான் செலவு. எங்கள் டிரெய்லர் 4,960 பவுண்டு காட்டியது.

ஓட்டுவது பழகிவிடும், ஆனால் அலட்சியம் கூடாது. ஃபோர்ட் ஸ்டாக்டன் அருகே 18 சக்கர லாரி ஒன்று எங்களை ஒட்டி முந்தியபோது டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. அந்த நேரத்தில் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். போகக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, டேஷ்போர்டில் இருக்கும் டிரெய்லர் பிரேக் பட்டனை மட்டும் மெல்ல அழுத்த வேண்டும். டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகிவிடும். அந்தச் சாலையில் 80 மைல் வரை போகலாம் என்று பலகை இருக்கும். நிறைய டிரெய்லர் டயர்கள் 65 மைலுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. நான் 62-ஐத் தாண்டுவதில்லை.

ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் கையை வையுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் டிரெய்லரின் பின்புறம் போகும். பின்னால் நிற்கும் மனைவியோடு போனில் பேசிக்கொண்டே செய்யுங்கள். முகாமில் கத்திக்கொண்டு டிரெய்லர் நிறுத்தும் தம்பதிகளைப் பார்ப்பதற்கென்றே சிலர் காபிக் கோப்பையோடு வந்து உட்கார்வார்கள். முதல் தடவை நாங்கள்தான் அவர்களுக்குப் படம் காட்டினோம்.

டிரெய்லரில் குறை இல்லாமல் இல்லை. டெக்சாஸில் ஓடும் டிரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது, மற்ற பல மாநிலங்களிலும் அப்படித்தான். அதனால் அப்பாவுக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரக்கிலிருந்து இறங்கி, டிரெய்லர் படியேற வேண்டும். படி உயரம், முழங்கால்காரர்களுக்குக் கஷ்டம். பக்கவாட்டில் நீளும் அறை வைத்த டிரெய்லர் என்றால், அதை உள்ளே தள்ளியிருக்கும்போது பாத்ரூம் கதவு திறக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். சிலவற்றில் திறக்காது. அப்புறம், உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது. ஒரு தடவை ஃபிரிட்ஜ் கொக்கியைப் போட மறந்துவிட்டேன். மோட்டார்ஹோமாக இருந்தால் டப்பா விழுந்த சத்தமாவது கேட்டிருக்கும். 200 மைல் தாண்டிக் கதவைத் திறந்தால் இட்லி மாவு தரையெல்லாம் பரவி, வெயிலில் பொங்கி, வாசல் வரை வந்து எங்களை வரவேற்றது.

சமையல் இரண்டிலும் ஒன்றுதான். கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும். 30 ஆம்பியர் இணைப்பில் ஏசி ஓடும்போது 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பையும் போட்டால் பிரேக்கர் விழக்கூடும், ஏனென்றால் அந்த அடுப்பு மட்டுமே 15 ஆம்பியர் தின்னும். நாங்கள் தாளிப்பை வெளியே கேஸ் அடுப்புக்கு மாற்றிவிட்டோம். கழிவுத் தொட்டி காலி செய்யும் வேலையும் இரண்டிலும் உண்டு. கறுப்புத் தொட்டியை (கழிப்பறைக் கழிவு சேர்வது) முதலில் திறந்து, குளியல் தண்ணீரை அடுத்து விட்டால் அதுவே குழாயைக் கழுவிவிடும். இதற்குமேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

சொந்த மோட்டார்ஹோம் வேண்டாம் என்பதற்குப் பணமும் ஒரு காரணம். புதிய கிளாஸ் சி பல லட்சம் டாலர் இல்லையென்றாலும் ஒரு லட்சத்தைச் சுலபமாகத் தொடும். வருடத்தில் 20 நாள் ஓட்டிவிட்டு மீதி நாளெல்லாம் நிறுத்திவைத்தால் அது யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை ஓட்ட வேண்டும், பட்டன் தேயாமலேயே டயர் வயதாகிவிடும், இன்ஷூரன்ஸ் தனி. எஞ்சின் மக்கர் செய்தால் வீடும் சேர்ந்து மெக்கானிக் கடையில் நிற்கும். கூரையின் மூட்டுகளில் நீர்க்கசிவு பார்ப்பது மட்டும் டிரெய்லருக்கும் உண்டு. எங்கள் பிக் பெண்ட் பயணத்துக்கு ஏழு இரவு வாடகை, மைல் கட்டணம், பெட்ரோல் (காலனுக்கு 9 மைல்) எல்லாம் சேர்த்து 2,400 டாலரை நெருங்கியது. வருடத்துக்கு ஒருமுறை அப்படிச் செலவழித்தாலும் வாங்குவதைவிட மலிவு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மினிவேன்கள் பெரும்பாலும் 3,500 பவுண்டுதான் இழுக்கும், அதுவும் ஆறு பேர் ஏறிய பிறகு ஸ்டிக்கரில் என்ன மிஞ்சும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். எனவே மினிவேனை மாற்றும் காலம் வரும்வரை டிரெய்லர் கடைப் பக்கம் போகாதீர்கள். இந்தக் கோடையில் அப்பா அம்மா வரும்போது ஒரு கிளாஸ் சி வாடகைக்கு எடுங்கள். 24 அடிக்குள் இருக்கட்டும், பெல்ட்டை எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்டேட் பார்க்குகளில் முகாம் இடத்தை ஐந்து மாதம் முன்பே பதியலாம். கார்னர் என்றால் பதிவு திறக்கும் நாளிலேயே உட்கார்ந்துவிடுங்கள், கோடை வார இறுதிகள் நிற்காது.