பின்பக்கம் தாழும் இன்னோவாவுக்கு ஏர் பேக்: வாங்கும் முன் பாருங்கள்

வணக்கம் நண்பரே. ஏழு பேரும் மேலே லக்கேஜும் ஏறினால் இன்னோவாவின் பின்பக்கம் தாழ்கிறது, காயில் ஸ்பிரிங்குக்குள் கையால் காற்றடிக்கும் ஏர் பேக் (விபத்தில் விரிவது அல்ல, ஸ்பிரிங்கோடு சேர்ந்து பாரம் தாங்கும் காற்றுப் பை) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். ஆனால் வண்டி காலியாக நிற்கும்போதும் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் அதை மாற்றுங்கள்.

வாங்கும் முன் வண்டிக்கு அடியில் பாருங்கள். பம்ப் ஸ்டாப் ரப்பர், அதாவது ஸ்பிரிங் முழுதாக அழுந்தும்போது இடியைத் தாங்கும் ரப்பர், ஸ்பிரிங்குக்கு உள்ளே இருந்தால் சாதாரண பை உட்காராது. காயிலின் உள்விட்டத்தையும் உயரத்தையும் அளந்து, அதற்கேற்ற பையைக் கேளுங்கள்.

பைக்குக் காற்று கொண்டுபோகும் டியூப் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு பைகளையும் ஒரே டி இணைப்பில் (ஒரு வால்விலிருந்து இரண்டாகப் பிரியும் இணைப்பு) சேர்த்தால், வளைவில் அழுந்தும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி வண்டி இன்னும் சாயும். தனித்தனி வால்வு வையுங்கள், செலவு பெரிதாக ஏறாது. டியூபை நல்ல பிளேடால் நேராக வெட்டி, சைலன்சர் குழாயிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு தெரிந்துவிடும்.

ஏர் லிஃப்ட் நிறுவனத்தின் 1000 வகைப் பைகளுக்குக் குறைந்தது 5, அதிகபட்சம் 35 பிஎஸ்ஐ. காலியாக ஓடும்போதும் 5-க்குக் கீழே விடாதீர்கள், பை மடிந்து உரசிக் கிழியும். பை சிறியது, அதனால் சைக்கிள் பம்ப்பே போதும்; பெரிய கம்ப்ரசர் ஒரு நொடியில் அளவைத் தாண்டிவிடும்.

பை உயரத்தைத்தான் மீட்கும். வண்டியின் மொத்த எடை வரம்பு அப்படியேதான் இருக்கும், பிரேக்கும் டயரும் பழையவைதானே.