கேள்வி – பதில்: பழைய ரிவால்வரும் பொருந்தாத கைப்பிடியும்

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் பழைய வெப்லி ரிவால்வரை விற்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் ஆனதாம், பழம்பொருள் என்பதால் லைசென்ஸ் தேவையில்லையாம். வாங்கலாமா? – வாசகர், மயிலாப்பூர்

வாய்வார்த்தையை நம்பி வாங்காதீர்கள். ஆயுதச் சட்டம் 1959-ன் 45-ஆம் பிரிவு பழம்பொருளுக்கு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் அந்த ஆயுதம் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்று கூடவே நிபந்தனை வைக்கிறது. சிலிண்டர் (தோட்டா அறைகள் உள்ள உருளை) சுற்றி, ஹேமர் (தோட்டாவைத் தட்டும் சுத்தி) விழுகிற துப்பாக்கி இதில் அடங்காது. 2020-ல் வந்த விதித் திருத்தம் கியூரியோ, அதாவது அரும்பொருள் வகைச் சிறு ஆயுதங்களை வைத்திருக்கத் தளர்வு கொடுத்தது. அதிலும் வெளியே எடுத்துச் செல்லவும் சுடவும் உரிமம் வேண்டும், உரிமத்தில் பதியாமல் தோட்டா கிடைக்காது. உங்கள் ரிவால்வர் அந்த வகையா என்பதை விற்பவர் முடிவு செய்ய முடியாது. வேப்பேரி காவல் ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

அதைவிட முக்கியம் போர் (bore) அளவு, அதாவது அங்குலக் கணக்கில் சொல்லும் குழலின் உள்விட்டம். 1915-ல் வந்த வெப்லி மார்க் 6 என்றால் அது .455. அதைப் போலவே தெரியும் என்ஃபீல்டு நம்பர் 2 என்றால் .380. இரண்டும் தடைசெய்யப்பட்ட போர், சாதாரண உரிமத்தில் ஏறாது, மத்திய உள்துறை வரை போக வேண்டும். நம் ஊரில் தனியார் கையில் சட்டப்படி இருக்கும் பழைய ரிவால்வர்களில் பெரும்பாலும் பார்ப்பது .32 தான். வெப்லியிலும் .32 உண்டு. எனவே முதல் கேள்வி "எத்தனை வருஷம்?" அல்ல, "என்ன போர், யார் உரிமத்தில் இருக்கிறது?" என்பதுதான்.

இரண்டு பேரிடமும் உரிமம் இருந்தாலும் உடனே கைமாற்றிவிட முடியாது. விற்பவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, குறைந்தது 45 நாள் கழிந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

கேள்வி: அப்பா இறந்துவிட்டார். அவருடைய ரிவால்வர் பீரோவில் இருக்கிறது. என் பெயருக்கு மாற்றும் வரை வீட்டில் வைத்திருக்கலாமா? – வாசகி, தாம்பரம்

கூடாது. சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் 2016 விதிகளின் 25-ஆம் விதியில் விண்ணப்பியுங்கள். நீங்கள் தாம்பரம் ஆணையரக எல்லைக்குள் இருந்தால் மனு அங்கே போக வேண்டும். வேப்பேரிக்கு அலைய வேண்டாம்.

கேள்வி: ஆயுத வணிகரிடம் ஒரு பழைய .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இருக்கிறது. நேரில் என்னென்ன பார்க்க வேண்டும்? – வாசகர், அண்ணாநகர்

சிலிண்டரைத் திறந்து எல்லா அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஹேமரை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் நிற்கும் முன்போ, நிற்கும் அந்தக் கணத்திலோ சிலிண்டர் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்க வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஐந்து சரியாகப் பூட்டி ஒன்று மட்டும் பின்தங்கினால், சிலிண்டரின் பின்பக்கப் பற்களில் ஒன்று தேய்ந்திருக்கிறது. எல்லாமே பின்தங்கினால் அதைத் தள்ளும் நாக்கு தேய்ந்திருக்கும். இப்படியே சுட்டால் குண்டு குழலுக்குள் நேராக நுழையாமல் விளிம்பில் உரசும், ஈயத் துகள் பக்கவாட்டில் தெறிக்கும். ஹேமர் முழுதாக நிற்கும்போது கட்டை விரலால் முன்னோக்கி அழுத்துங்கள். விசையைத் தொடாமலே விழுந்தால் அந்த ரிவால்வரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பிறகு ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கிற சாதாரண கேஜ் போதும். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே 0.10 முதல் 0.25 மி.மீ. இருக்கலாம். சிலிண்டரை முன்னே தள்ளி ஒரு தடவை, பின்னே தள்ளி ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிலிண்டரின் முன்பின் ஆட்டம். நடுவில் மடங்கித் திறக்கும் மாடல் என்றால், மூடிய பிறகு குழலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கீலிலோ தாழிலோ லொடலொடவென்று ஆட்டம் தெரிந்தால் அதைச் சரிசெய்யும் செலவு துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடும். குழலுக்குள் விளக்கடித்துப் பார்க்கும்போது மோதிரம் போல ஒரு கரும் நிழல் தெரிந்தால் குழல் உள்ளே உப்பியிருக்கிறது.

தோட்டாவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் சுருக்கம்) என்பதும் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் என்பதும் வேறு வேறு. முன்னதன் கேஸ் (தோட்டாவின் உலோக உறை) நீளம் சுமார் 15.5 மி.மீ., பின்னது 23.4 மி.மீ. லாங் வந்தது 1896-ல். அதற்கு முந்தைய துப்பாக்கிகள் கரிமருந்துக் காலத்தவை, இன்றைய புகையில்லாத மருந்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. .32 ஏசிபி என்பது பிஸ்டல் தோட்டா. சில ரிவால்வர் அறைகளில் அது நுழைந்துகொள்ளும், ஆனால் அழுத்தம் அதிகம். நுழைகிறது என்பதற்காகப் போடக்கூடாது.

கடைசியாக, வெற்றாக விசையை இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள். பழைய ஹேமரின் முனை ஊசி ஒடிந்தால் மாற்று கிடைப்பது லேசில்லை.

கேள்வி: வாங்கிய ரிவால்வரின் கறுப்புக் கைப்பிடி ஒரு பக்கம் விரிசல் விட்டிருக்கிறது. மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிய மாற்று கிரிப் உட்காரவே இல்லை. ஏன்? – வாசகர், பெரம்பூர்

மாடல் பெயரை வைத்து கிரிப் வாங்கியதுதான் காரணம். ஒரே பெயரில் பல வருஷம் வந்த ரிவால்வர்களில் ஃபிரேம் (உடற்சட்டம்) மாறியிருக்கும், அடிப்பகுதி வட்டமாகவும் சதுரமாகவும் வந்திருக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் பழைய ஐ ஃபிரேமுக்கு ஜே ஃபிரேம் (இவை ஃபிரேம் அளவுகளின் பெயர்) கிரிப்பைத் தலையில் கட்டுவது சகஜம். வெப்லியில் மார்க் 5 வரை பறவைத் தலை போன்ற அடி, மார்க் 6-ல் சதுர அடி. கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், .38 வெப்லி மார்க் 4 வழியில் வந்ததுதான், பார்க்க ஒன்றுபோலத் தெரியும். அதற்காக அதன் கிரிப்பும் பழையதில் அப்படியே உட்காரும் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

கேட்க வேண்டியது பெயரை அல்ல, நான்கு அளவுகளை. கிரிப்பைக் கழற்றி, ஃபிரேமின் பக்கவாட்டைக் கெட்டி அட்டையில் கூர் பென்சிலால் வரையுங்கள். திருகு துளையின் மையம், கீழேயுள்ள நிலைநிறுத்தும் பின்னின் மையம், பின்னின் விட்டம், ஃபிரேமின் தடிமன் ஆகியவற்றை வெர்னியரில் எடுத்து அதே அட்டையில் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தால் அளவு கெடாது. கழற்றும்போது பழைய மரக் கிரிப்பின் உள்பக்கத்தையும் பாருங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் வலது பலகையின் உள்ளே சீரியல் எண் இருக்கும். அது அடிப்பகுதி எண்ணோடு ஒத்துப்போனால், உடைந்ததானாலும் தூக்கிப் போடாதீர்கள். விற்கும்போது அதுதான் விலை பேசும்.

விரிசல் விட்ட கறுப்புத் தகடு வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெயில் பட்டால் பழுப்பாகும், வெந்நீரில் போட்டால் நிறம் போய்விடும். பெரும்பாலும் திருகு துளையிலிருந்துதான் விரியும், யாரோ திருகை ஓங்கி முடுக்கியிருப்பார்கள். மயிரிழை விரிசல் என்றால் மெதுவாக இறுகும் எபாக்ஸியில் விளக்குக் கரியைக் கலந்து உள்பக்கமாக விட்டால் போதும். உடனே ஒட்டும் பசை வேண்டாம், அது விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும்.

புதிதாகச் செய்வதானால் ரசீதோடு வாங்கிய தோதகத்தி (ரோஸ்வுட்) துண்டோ அக்ரூட் மரமோ நல்லது. மழைக்காலத்தில் வாங்கிய மரத்தை உடனே அறுக்காதீர்கள், ஈரம் வற்றியதும் வளைந்துகொள்ளும். முதலில் உள்பக்கத்தைச் சமதளமாக்கி, நிலைநிறுத்தும் பின்னுக்கான துளையைப் போட்டு, ஃபிரேமில் மெழுகுவத்திக் கரி பூசி அழுத்துங்கள். கரி ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டுங்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்து முழுதும் படிந்த பிறகுதான் வெளி வடிவம். விளிம்பை 0.5 மி.மீ. கூடுதலாக விட்டு, ஃபிரேமில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, 120, 240, 400 எண் உப்புத்தாள்களால் இறக்குங்கள். மெயின் ஸ்பிரிங் போகும் இடத்தில் உள்பக்கத்தைக் குடைந்துவிட மறக்கக்கூடாது. ஸ்பிரிங் மரத்தில் உரசினால் ஹேமர் வேகம் குறைந்து, தோட்டா வெடிக்காமல் போகும். திருகு அமரவில்லை என்றால் மெட்ரிக் எம் 3 திருகைத் திணிக்காதீர்கள், பழைய புரி வேறாக இருக்கும், ஒரே முறுக்கில் அழிந்துவிடும். கிரிப்பைத் தாண்டி ஃபிரேமிலோ உள் பாகங்களிலோ கை வைப்பது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் வேலை.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்க நினைத்தால், துப்பாக்கி உதிரிபாகம் சுங்கப் பட்டியலில் 9305 தலைப்பில் வரும். இறக்குமதி உரிமம் உள்ள வணிகர் மூலமாகத்தான் முயற்சி செய்ய வேண்டும்.

கேள்வி: தந்தம் அல்லது மான் கொம்புக் கைப்பிடி போடலாமா? – வாசகர், கீழ்ப்பாக்கம்

வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டுமே சிக்கல், பழையது என்று சொல்பவரிடம் காகிதம் கேளுங்கள். தந்தம் மாதிரி வேண்டுமென்றால் ரெசின் போதும். பழைய செல்லுலாய்டு தகடு கையில் இருந்தால் கழற்றித் தனியே வையுங்கள், அது சிதையும்போது வரும் அமில ஆவி இரும்பை அரிக்கும்.

கேள்வி: முப்பரிமாண அச்சில் கிரிப் எடுத்தால்? – வாசகி, வேளச்சேரி

பொருத்தம் பார்க்க அருமையான வழி. ஆனால் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும். சித்திரை வெயிலில் மூடிய காரில் அந்தச் சூடு வந்துவிடும். மாதிரிக்கு பிஎல்ஏ, நிலையாகப் போட ஏபிஎஸ் அல்லது மரம். எதைப் போட்டாலும் நம் உப்புக்காற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழற்றி, உள்ளே ஃபிரேமில் மெல்லிய எண்ணெய்த் துணி ஒத்துங்கள். துரு முதலில் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில்தான். தோல் உறையில் போட்டு அலமாரியில் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தை உறிஞ்சித் தக்கவைக்கும்.